கத்தரியும் தேசிக்காயும், கோப்பியும் தோடம்பழமும்

ஒரு விடுகதை போடுகிறேன். விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடாமல் கொஞ்சம் பொறுங்கள். எல்லா உதைபந்துக் கழகத்திலும் அவன் இருப்பான். ஆனால் தன் கழகத்தின் நிறத்தை அவன் மட்டும் போடமாட்டான். மற்றப் பத்துப் பேர் செய்தால் குற்றமாகிற வேலையை அவன் செய்தால் ஊரே கைதட்டும். யார் அவன்?

கோல் காப்பாளன். எங்கள் பக்கத்தில் சுருக்கமாகக் கோலி என்போம்.

தையல் தொழிலில் அளவு எடுப்பது சுலபம், நிறம் எடுப்பதுதான் கஷ்டம். கழுத்து எத்தனை அங்குலம் என்பதில் யாரும் என்னோடு வாதாடியதில்லை. நிறம் என்று வந்துவிட்டால் வாதாடாத ஆள் இல்லை. கடை மேசைக்குப் பின்னால் நின்று, “வேற ஒண்டும் இல்லையா?” என்ற கேள்வியை ஒரே நாளில் நாற்பது தடவை கேட்டவர் யாராக இருந்தாலும், அவர் புடைவைக் கடைக்காரரானாலும் செருப்புக் கடைக்காரரானாலும், எனக்குச் சொந்தக்காரர்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சொந்தக்காரர்

என் கடை கல்முனைப் பிரதான வீதியில், சந்தைக்குக் கிட்ட. சண்டைக் காலத்தில் ஒரு நாள் நஸார் வந்தார். ஓட்டோ ஓட்டுகிறவர், கடற்கரையில் புதிதாகத் தொடங்கிய உதைபந்துக் கழகத்தின் கெப்டன். கழகத்துக்குப் பதிவுப் பெயர் ஒன்று உண்டு, அதை நஸாரே யோசித்துத்தான் சொல்வார். ஊரில் எல்லாருக்கும் அது கடற்கரை டீம், நான் காக்கா, அதாவது அண்ணன் முறை.

முதலில் பச்சை என்றார். பச்சை ஒரு கட்சியின் நிறம், தேர்தல் வந்தால் மைதானத்தில் பந்தை விட்டுவிட்டு ஆளை உதைப்பார்கள். நீலம் என்றார். அது மற்றக் கட்சி. சிவப்பும் மஞ்சளும் என்று சொல்ல வாயெடுத்தவர், எடுத்த வாயைத் தானே மூடிக்கொண்டார். இயக்கத்தின் கொடியில் இருந்த அந்த இரண்டையும் ஒரே உடுப்பில் போட்டுக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடக்க முடியாத காலம் அது. கரும்பச்சை சீருடைக்காரர்களுக்கு உரியது. கறுப்பு ஹர்த்தால் கொடிக்கு உரியது. வெள்ளையாவது போடலாமே என்றேன். வெள்ளையில் பதினொரு பேர் கூட்டமாக நடந்தால் ஜனாஸா அடக்கத்துக்குப் போகிறார்கள் என்று நினைத்து வழியில் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள் என்றார் நஸார். அதுவும் சரிதான்.

கடைசியில் கீழ்த் தட்டில் கிடந்த இரண்டு துணிகளை எடுத்து மேசையில் போட்டேன். ஒன்று கத்தரிக்காய் ஊதா, மற்றது தேசிக்காய் மஞ்சள், பழுத்த எலுமிச்சையின் நிறம். இரண்டையும் தனித்தனியாகக்கூட யாரும் கேட்டதில்லை. நஸார் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இதையே தைங்க காக்கா. ஒருத்தருக்கும் புடிக்காத நிறத்துலதான் ஒருத்தரும் பங்கு கேக்க மாட்டாங்க,” என்றார்.

நீலப் படங்குக்குக் கீழே வாங்கியது

துணியை வெயிலில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். பத்து வருஷம் தொழில் செய்தபின் அந்தப் பாடத்தை நான் மறந்தேன். கடற்கரை டீமுக்கு இன்னும் கொஞ்சம் ஊதா வேண்டியிருந்தது. கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில் நடைபாதை வியாபாரி ஒருவரிடம் முழு ரோல் ஒன்றைப் பார்த்தேன். நல்ல ஊதா. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கடை வாசலில் விரித்தால், ரோஸ். வெட்கமே இல்லாத ரோஸ். ஐஸ்பழம் விற்கிறவர் தன் பெட்டிக்கு அடிக்கிற ரோஸ். வியாபாரி ஏமாற்றவில்லை. அவருடைய தலைக்கு மேல் மழைக்காக ஒரு நீலப் படங்கு கட்டியிருந்தது, அந்த நீல வெளிச்சத்தில்தான் ரோஸ் ஊதாவாகி இருக்கிறது. என் கண் செய்த பிழையை நான் யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

அந்த நேரம் கடைக்குள் இருந்தவர் ரஃபீக், கடற்கரை டீமின் கோலி. காலையில் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குள் விற்பவர், பின்னேரம் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்பவர். கோலிக்கு எப்படியும் வேறு நிறம் வேண்டும்தானே, எனக்கு இதிலேயே வெட்டுங்கள் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று அவருடைய முகத்தைப் பார்த்தேன். இல்லை, அளவெடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

“அடிக்க வாறவன் என்னைக் கண்டு சிரிக்கட்டும் காக்கா. சிரிச்சுக்கிட்டு ஒருத்தனுக்கும் பந்தை நேரா அடிக்க ஏலா,” என்றார்.

மழைக்குள் ஒரு ஆட்டம்

ரோல் தீரவில்லை. ரஃபீக்குக்கு வெட்டியது போக மலைபோல் கிடந்தது. அதனால் நான் ஒரு தந்திரம் செய்தேன். ஜேர்சி தைக்க வந்த எந்தக் கழகமானாலும், கோலிக்கு மட்டும் அந்த ரோஸையே தள்ளிவிட்டேன். அப்படி ரோஸ் போட்டவர்களில் ஒருவர் குணா.

குணா, வடக்கே கோயிலடிக் கரையில் கரைவலை இழுக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் கழகத்துக்குக் கோலி. அந்தக் கழகத்தின் கெப்டன் யோகன், அவரும் வலைக்காரர்தான். கழகத்துக்குக் கோப்பித்தூள் நிறமும் தோடம்பழ ஆரஞ்சு நிறமும் வேண்டுமென்று அவரே கேட்டார். கோப்பி நிறத்தில் மீன் இரத்தம் தெரியாது, வீட்டில் பேச்சுக் கேட்கத் தேவையில்லை. தோடம்பழ நிறம் வலையில் கட்டும் மிதவையின் நிறம், எவ்வளவு தூரத்திலும் கண்ணில் படும். காரணத்தோடு நிறம் கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவர் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டு கழகமும் மோதிய அன்று நானும் போயிருந்தேன். ஓரத்தில் நின்ற ஒருவர், “கத்தரிக்காய் இரிக்கி, தேசிக்காய் இரிக்கி, உப்பும் மிளகாயும் கொண்டு வந்தா கறியாக்கலாம்,” என்று கத்தினார். பாதி ஆட்டத்தில் மழை பிடித்தது. சாயம் இளகியது. ஊதா கசிந்து தேசிக்காயில் இறங்கியது, கோப்பி கசிந்து தோடம்பழத்தில் இறங்கியது. மேலே சேறு வேறு. கால் மணித்தியாலத்தில் இருபது பேரும் ஒரே நிறமாகி, யார் யாருக்குப் பந்து கொடுக்கிறார் என்று அவர்களுக்கே தெரியாமல் ஓடினார்கள். இரண்டு முனையிலும் இரண்டு ரோஸ் மட்டும் கழுவிவிட்டது போல் நின்றன. பிழையாக வாங்கிய துணிக்குத்தான் சாயம் பிடித்திருந்தது.

ஆட்டம் முடிந்ததும் மத்தியஸ்தர் நேராக என்னிடம் வந்தார். நான் சாயத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்க ஆயத்தமானேன்.

“ரெய்லர், நான் இண்டைக்கு மத்தியஸ்தம் பாத்தது ஒரே ஒரு டீமுக்கு. அந்த டீமுக்கு ரெண்டு கோலி,” என்றார்.

பெருநாள் வழக்கு

நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரண்டு வாரம் என் கடை நீதிமன்றம் மாதிரி இருக்கும். வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு விவசாயியும் மனைவியும் வருவார்கள். வயல் வேலை முடிந்து பஸ் ஏறி வந்த களைப்பு ஒரு பக்கம், நிறத்தில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காத பிடிவாதம் மறுபக்கம். அவர் கைகாட்டுவது அவவுக்குப் பிடிக்காது. அவ எடுப்பது அவருக்குப் பிடிக்காது. கடைசி பஸ் போகும்வரை வழக்கு நடக்கும்.

அதற்காக நான் ஒரு வழக்கம் வைத்தேன். எந்தெந்தத் துணிக்குச் சண்டையோ அவற்றில் ஒவ்வொரு சிறு துண்டு வெட்டி, எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி, கூட வந்திருக்கும் சின்னப் பிள்ளையின் கையில் கொடுப்பேன். கட்டுவதற்கு அந்த ரோஸ் ரோலின் ஓரத்தில் கிழித்த நாடாதான். அது எத்தனை கிழித்தாலும் தீராது. பிள்ளை கட்டை அவிழ்த்து விளையாடும். கொஞ்ச நேரம் கழித்து நான் கையை நீட்டி, “மாமாவுக்குத் தாங்க,” என்பேன். பிள்ளைகள் தருவார்கள். ஆனால் மனசுக்குப் பிடித்ததைத் தரமாட்டார்கள். திருப்பித் தராத துண்டு எதுவோ அதுதான் தீர்ப்பு. தீர்ப்புச் சொன்னபின் அப்பீல் இல்லை. கல்முனையில் எத்தனையோ வீட்டுக்காரர் இந்த வழக்கத்தை அறிவார்கள்.

ஒரு வருஷம் வரிப்பத்தான்சேனைக்காரரின் பிள்ளை, மனைவி எடுத்த துணிகளைத் தந்துவிட்டு, புருஷன் எடுத்த மயில்நீலத்தைப் பிடித்துக்கொண்டது. மனைவி வாதாடாமல், “சரி, இதையே வெட்டுங்க,” என்றார். புருஷன் என் பக்கம் திரும்பினார்.

“பதினாலு வருஷமா நான் சொன்ன ஒண்டையும் கேக்காதவ காக்கா. ரெண்டு வயசுப் புள்ள வாயே திறக்கல்ல, கேட்டுட்டா,” என்றார்.

ஆறு பேர்

கடல் ஊருக்குள் வந்த அந்தச் சுனாமி ஞாயிற்றுக்கிழமை பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் அதிகம் கதைப்பதில்லை. நானும் தேவையானதை மட்டும் சொல்கிறேன். தண்ணீர் பிரதான வீதிக்கு இந்தப் பக்கம் வரவில்லை, அதனால் என் கடையும் மிஷினும் மிஞ்சின. கடற்கரை டீமில் பயிற்சிக்குப் போனவர்கள் மிஞ்சவில்லை. நஸார் கடலுக்குத் தூரமான இறக்காமத்துக்கு ஓட்டோவில் ஆள் ஏற்றிப் போயிருந்தார், அதனால் இருக்கிறார். ரஃபீக் மீன் எடுக்கப் போனவர், திரும்பவில்லை. அவருக்கு ஒரு கைக்குழந்தை. கோயிலடிக் கரையில் யோகன் தப்பினார், குணா தப்பவில்லை.

அதன்பிறகு சில மாதம் நான் ஒரு பாடசாலை முகாமில் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிவாரண உடுப்பு மூட்டை மூட்டையாக வந்தது. பனி பெய்யும் நாட்டுக்காரர் போடுகிற தடித்த கம்பளிக் கோட்டும் வந்தது. எங்கள் வெயிலில் அதை என்ன செய்வது? உள்துணியைப் பிரித்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தேன், கோட்டைப் பாய்க்குக் கீழே விரிக்கக் கொடுத்தேன். யாரும் நிறத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்காத காலம் என் தொழிலில் அது ஒன்றுதான். அது எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது வந்து “வேற ஒண்டும் இல்லையா” என்று கேட்கமாட்டார்களா என்று இருந்தது.

ஒரு நாள் நஸார் முகாமுக்கு வந்தார். யாரோ வெளிநாட்டுக்காரர் விளையாட்டுச் சாமான் தருவதாகச் சொல்கிறார்கள் என்றார். பந்தும் வலையும் ஜேர்சியும். ஜேர்சிக்கு என்ன நிறம் சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்டபோது எனக்குள் கொஞ்சம் சந்தோஷம். நஸார் மிஷினில் கிடந்த நூல் துண்டை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தார்.

“பந்தை மட்டும் எடுத்தன் காக்கா. ஆறு பேருக்கு ஜேர்சி தைக்கக் குடுத்தா நீங்க என்ன நினைப்பீங்க?” என்றார்.

நெஞ்சுப் பக்கம்

சண்டை முடிந்தது. சாவடிகளில் இறங்கி ஏறுவது குறைந்தது. வடக்கே போகிற வீதியில் இரவிலும் பஸ் ஓடத் தொடங்கியது. அடுத்த தை மாதம், பாடசாலை திறக்கிற நேரம், மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு சுற்றுப்போட்டி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் பக்கத்துக் கழகங்களையும் கூப்பிட்டிருந்தார்கள்.

நஸாரிடம் ஆறு பேர் இருந்தார்கள். யோகனிடம் ஐந்து பேர். சந்தையில் இருவரும் சந்தித்து, ஆளுக்காள் கணக்குச் சொல்லி, பதினொன்று என்று வந்ததும் ஒரே கழகமாகப் போவோம் என்றார்களாம். மறுநாள் பதினொரு பேரும் என் கடைக்கு வந்தார்கள். வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பு விண்ணப்பப் படிவம் போய்ச் சேர வேண்டும். படிவத்தில் ஒரு கட்டம்: அணியின் நிறம். அதை நிரப்பாவிட்டால் இடமில்லை. ஐந்து வருஷத்துக்குப் பிறகு கூடிய பதினொரு பேரும், அந்தக் கட்டம் நிரம்பாவிட்டால் ஆறும் ஐந்துமாகப் பிரிந்து வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

நஸார் கத்தரி ஊதாவை விடமாட்டேன் என்றார். யோகன் கோப்பியை விடமாட்டேன் என்றார். பிடிவாதத்துக்காக இல்லை. “குணாவும் மத்தப் பொடியனுகளும் கடைசியா விளையாடினது கோப்பியில நானா. நான் ஊதாவப் போட்டா அவனுகளை விட்டுப்போட்டுப் போற மாதிரி இருக்கு,” என்றார் யோகன். அவர் என்னைக் காக்கா என்னமாட்டார், நானா என்பார். நஸாரும் அதையேதான் வேறு பெயர்களோடு சொன்னார். இரண்டு பேரும் சொன்னது நியாயம். நியாயம் இரண்டு பக்கமும் இருந்தால் தையற்காரன் என்ன செய்வது?

நான் கடதாசியில் கீறிக் காட்டினேன். பாதி ஊதா, பாதி கோப்பி, நடுவில் தையல். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அப்போது யோகனின் ஆள் ஒருவர், நெஞ்சுப் பக்கம் யாருடைய நிறம் என்று கேட்டார். நெஞ்சு இடப்பக்கம், இடப்பக்கத்தில் ஊதா கீறியிருந்தேன். மாற்றிக் கீறினேன். இப்போது நஸாரின் ஆட்கள் முகத்தைத் திருப்பினார்கள். சரி, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்றேன். நஸார் கடதாசியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

“முன்னுக்கு அவங்கட நிறம், பின்னுக்கு எங்கட நிறம் எண்டா, நாங்க ஓடிப்போற நேரம் மட்டும்தான் எங்கட நிறம் தெரியும் காக்கா,” என்றார்.

நாலு துண்டு

வியாழன் வந்தது. மத்தியான லுஹர் தொழுகை நேரம் முடிந்ததும் பதினொரு பேரும் மறுபடியும் கடைக்குள். படிவம் மேசையில், எல்லாக் கட்டமும் நிரம்பி, ஒன்று மட்டும் வெறுமையாக. நஸாரின் ஓட்டோ வாசலில், அஸருக்குள் கொண்டுபோக ஆயத்தமாக.

அந்த நேரம் ரஃபீக்கின் மனைவி ஜெஸீமா, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் ஹம்னா முதலாம் வகுப்புக்குப் போகப் போகிறாள், வெள்ளைச் சீருடை தைக்க வேண்டும். வாப்பாவை அவளுக்கு நினைவில்லை. வாப்பாவின் ஜேர்சியை அவள் கண்டதும் இல்லை, அதைப் போட்டுக்கொண்டுதான் ரஃபீக் அன்று காலை மீனுக்குப் போயிருந்தார். ஜெஸீமா சுவரோர வாங்குப் பலகையில் உட்கார்ந்து, நிறச் சண்டையை முக்கால் மணித்தியாலம் கேட்டார். பிறகு எழும்பி நின்றார்.

“உங்கட வழக்கு முடியுமட்டும் என்ட புள்ளைக்கு உடுப்பு வெட்டுபடாது போல,” என்றார். “காக்கா, பெருநாளைக்கு ஊரார்ர சண்டைய எப்படித் தீர்க்குறீங்க? அப்படியே இதையும் தீருங்க. புள்ள இஞ்ச நிக்கிறாதானே.”

யோகனுக்கு அந்த வழக்கம் தெரியும், அவருடைய கலியாணத்துக்குச் சேலை எடுத்ததே என் கடையில் அவருடைய அக்காவின் சின்ன மகளின் தீர்ப்பின்படிதான். அவர் நஸாரைப் பார்த்தார். நஸார் தாடியைத் தடவிக்கொண்டு ஒரு நிபந்தனை சொன்னார். பிள்ளை வைத்துக்கொள்கிற நிறம் பத்துப் பேருக்கு. பிள்ளை திருப்பித் தருகிற நிறம் கோலிக்கு. எது தோற்றாலும் அது மைதானத்தை விட்டு வெளியே போகக்கூடாது.

“அப்ப கோலி யாரு?” என்று ஒருவர் கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. பதினொரு பேரில் கோலி இல்லை. இரண்டு கழகத்துக்கும் கோலி இல்லை. ரஃபீக் நின்ற இடத்தில், குணா நின்ற இடத்தில் போய் நிற்க யாருக்கும் கால் வரவில்லை.

“நான் நிக்கிறன்,” என்றார் யோகன். “என்ன நிறம் மிஞ்சினாலும் சரி.”

நான் ஊதாவில் ஒரு துண்டு, தேசிக்காயில் ஒரு துண்டு, கோப்பியில் ஒன்று, தோடம்பழத்தில் ஒன்று வெட்டினேன். ஒன்றும் ஒன்றுக்குப் பெரிதாகிவிடக் கூடாது என்று நாலையும் அடிக்கோலில் வைத்து அளந்து வெட்டினேன். பதினொரு பேரும் கத்தரிக்கோலையே பார்த்தார்கள். வழக்கம்போல நாலையும் அடுக்கி, வழக்கம்போல நாடா கிழித்துக் கட்டி, ஹம்னாவின் கையில் கொடுத்தேன்.

அவள் வாங்கில் ஏறி உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். நாலையும் மடியில் விரித்தாள். ஊதாவை முகத்தில் வைத்துப் பார்த்தாள். கோப்பியைத் தடவிப் பார்த்தாள். தோடம்பழத்தைத் தேசிக்காயின் மேல் வைத்தாள், எடுத்தாள். நஸாரின் உதடு அசைந்துகொண்டிருந்தது, ஏதோ ஓதிக்கொண்டிருந்திருப்பார். யோகன் கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினேன்.

“மாமாவுக்குத் தாங்க மகள்.”

ஊதாவைத் தந்தாள். நஸார் கண்ணை மூடினார். அடுத்து கோப்பியைத் தந்தாள். யோகன் நிமிர்ந்தார். பிறகு தேசிக்காய், பிறகு தோடம்பழம், ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். நாலும் வந்துவிட்டன. ஆனால் ஹம்னாவின் மற்றக் கை மூடியிருந்தது, அதற்குள்ளிருந்து ரோஸ் நாடாவின் நுனி தொங்கியது. “அதையும் தாங்க,” என்றேன். தலையை ஆட்டினாள். ஜெஸீமா கேட்டார். அவருக்கும் தரவில்லை.

அந்த ரோஸை யார் போட்டிருந்தார்கள் என்பது கடைக்குள் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஒரு முனையில் ரஃபீக், மறுமுனையில் குணா. நஸார் ஜெஸீமாவைப் பார்த்தார். ஜெஸீமா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுதுங்கள் என்பதுபோல் படிவத்தைக் காட்டினார். யாரும் அப்பீல் கேட்கவில்லை. யோகன் என் உள்ளங்கையில் இருந்த நாலு துண்டையும் விரலால் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார்.

“நானா, கத்தரி, தேசிக்காய், கோப்பி, தோடம்பழம். இந்த நாலும் எனக்கா?” என்றார்.

இத்தனை வருஷமாக ஊரில் யாருக்கும் சொந்தமில்லாத நிறம் தேடிக் கொடுத்தவன் என்று பெயர் வாங்கிய நான், எல்லாருக்கும் சொந்தமான ஒன்றைக் கிழித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன் என்பதை ஓட்டோ புறப்படுமுன், அந்தக் கட்டத்தை நிரப்பப் பேனை எடுத்தபோதுதான் கண்டேன். ஹம்னா தெரிவுசெய்தது ரோஸ்.